நீட் ஃபார் ஸ்பீடுக்கு என்ன ஆச்சு? கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர், லேப்டாப் சர்வீஸ் பார்க்கிற கடை என்னுடையது. பொங்கலுக்கும் ஆனித் தேரோட்டத்துக்கும் பெங்களூர், சென்னை, துபாயிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு, வேலை முடிகிற வரை ஸ்டூலில் உட்கார்ந்து பேசுவார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் நீட் ஃபார் ஸ்பீடு என்ற கார் ரேஸ் கம்ப்யூட்டர் கேமில் வந்து நிற்கும். கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றை அவர்கள் கேட்ட பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

அண்ணாச்சி, நீட் ஃபார் ஸ்பீடுன்னா மோஸ்ட் வாண்டட்தானே? வேற எதுவும் உண்டா?

நிறைய உண்டு. முதல் கேம் 1994-இல் 3டிஓ என்ற, டிவியில் இணைத்து விளையாடும் கேம் கருவிக்கு வந்தது. ரோடு அண்ட் டிராக் என்ற அமெரிக்க கார் பத்திரிகையின் பெயரையும் சேர்த்தே அதை வெளியிட்டார்கள். போலீஸ் துரத்துவதையே முக்கியமாக வைத்து ஹாட் பர்சூட் வந்தது 1998-இல். 2000-இல் வந்ததில் போர்ஷே கார்கள் மட்டும். 2003-இல் அண்டர்கிரவுண்டு, 2004-இல் அண்டர்கிரவுண்டு 2, 2005 நவம்பரில் மோஸ்ட் வாண்டட், 2006-இல் கார்பன். கடைசியாக வந்த பெரிய கேம் 2022 டிசம்பரில் வந்த அன்பவுண்டு. எல்லாவற்றையும் வெளியிட்டது எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம். இஏ என்று சுருக்கிச் சொல்வோம்.

நம்ம பக்கத்து ஆட்கள் இதற்குள் நுழைந்தது இரண்டு தடவையாக. முதல் கூட்டம் முருகன்குறிச்சி, வண்ணார்பேட்டை, ஜங்ஷன் பிரவுசிங் சென்டர்களில் அண்டர்கிரவுண்டும் மோஸ்ட் வாண்டட்டும் விளையாடியவர்கள். இரண்டாவது கூட்டம், 2011-இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் லேப்டாப் வாங்கிய பிளஸ் டூ பிள்ளைகள். அம்பாசமுத்திரம், களக்காடு, சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமங்களில் பென் டிரைவ் வழியாக வீடு வீடாகப் போனது 2005 மோஸ்ட் வாண்டட்தான். அதற்குள் அதற்கு ஆறேழு வயது ஆகியிருந்தது.

மோஸ்ட் வாண்டட்னு ரெண்டு இருக்கே, எது நாம விளையாண்டது?

2005-இல் வந்தது. ராக்போர்ட் என்ற ஊர், நாம் ஒவ்வொருவராகத் தோற்கடிக்க வேண்டிய பிளாக்லிஸ்ட்டில் 15 பேர், அவர்களில் ரேசர் என்ற வில்லன், நீலமும் வெள்ளியுமாக ஒரு பிஎம்டபிள்யூ. இதைச் செய்தது கனடாவின் பிளாக் பாக்ஸ் ஸ்டூடியோ.

2012-இல் அதே பெயரில் வந்தது இங்கிலாந்தின் கிரைட்டீரியன் ஸ்டூடியோ செய்தது. ஊர் ஃபேர்ஹேவன். கதை கிடையாது, ரேசர் கிடையாது. வண்டி ஓட்ட அருமையாக இருக்கும். ஆனால் ஊருக்குள் அங்கங்கே நிற்கிற கார்களை அநேகமாகத் தொடக்கத்திலிருந்தே எடுத்து ஓட்டலாம். பழையதை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பதிவிறக்கியவர்கள் ஏமாந்ததாகச் சொல்வது இதனால்தான்.

எல்லாப் பயலும் 2005தான் 2005தான்னு சொல்லுதான். அப்படி என்னதான் அதுல இருந்துச்சு?

கார், பாட்டு, கிராபிக்ஸ் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். நான் சொல்வது, அதில் எல்லாமே ஒரே நோக்கத்தில் போய் முடிந்தது என்பதை. தொடக்கத்திலேயே அந்த பிஎம்டபிள்யூ எம்3 ஜிடிஆரை நம் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ரேசர் அதில் கோளாறு செய்துவைக்க, ரேஸ் நடுவில் ஆயில் ஒழுகி கார் நின்றுபோகிறது. கார் அவன் கைக்குப் போய்விடும். நம் கையில் மிஞ்சுகிற காசுக்கு ஃபியட் புன்டோ, கோல்ஃப் மாதிரிக் கார்தான் கிடைக்கும். அங்கிருந்து 14 பேரை ஒவ்வொருவராகத் தாண்டிப் போனால், முதல் இடத்தில் ரேசர் நம்ம காரிலேயே உட்கார்ந்திருக்கிறான். கடைசி வரை விளையாட இந்தக் கோபம் ஒன்றே போதும்.

அடுத்தது போலீஸ். பிளாக்லிஸ்ட் ஆளை எதிர்க்க வேண்டுமானால் ரேஸ் ஜெயித்தால் மட்டும் போதாது. போலீஸைச் சீண்டி பவுண்டி, அதாவது நம் தலைக்கு வைக்கிற விலை, சேர்க்க வேண்டும். மாட்டினால் அபராதம், திரும்பத் திரும்ப மாட்டினால் காரையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அரும்பாடுபட்டு வாங்கிய கார் போய்விடும் என்ற பயம் இருந்ததால் துரத்தலுக்கு எடை இருந்தது. போலீஸ் ரேடியோவைக் காதுகொடுத்துக் கேட்டால் முன்னால் தடுப்பு வைக்கிறார்களா, ஆணிப்பட்டை விரிக்கிறார்களா என்று முன்கூட்டியே தெரியும். இங்கிலீஷ் பாடத்தில் திணறின பையன்கள்கூட அந்த ரேடியோ வார்த்தைகள் அத்தனையையும் அத்துப்படியாக வைத்திருந்தார்கள்.

இதெல்லாம் ஒன்றுசேருகிற இடம் ஒன்று உண்டு. துரத்தல் ஓய்ந்து, போலீஸ் கண்ணில் படாமல் காரை ஒரு பதுங்குமிடத்தில் நிறுத்தியிருப்போம். கீழே ஒரு பட்டை மெல்ல மெல்ல நிரம்பும். அது நிரம்புவதற்குள் பார்த்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. சந்து முனையில் ஒரு போலீஸ் கார் மெதுவாகக் கடந்து போகும். பிரவுசிங் சென்டரில் அந்த நேரம் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்க்கிற நாலு பேரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். "அசையாதல, அப்படியே கெட" என்று ஒருத்தன் மட்டும் காதோரம் சொல்வான். விளையாடுகிறவன் கை அம்புக்குறி பொத்தானுக்கு மேலே, தொடாமல் நிற்கும். பின்னால் வந்த எந்த நீட் ஃபார் ஸ்பீடும் பார்த்துக்கொண்டு நிற்கிறவனை இப்படிக் கட்டிப்போடவில்லை.

பின்ன எப்ப கெட்டுப்போச்சு? எந்த கேம்ல?

இந்த கேம்தான் என்று ஒன்றைக் கைகாட்ட முடியாது. கார்பன் நன்றாகவே இருந்தது. மலைப்பாதையில் நடக்கிற போட்டிகள் இன்றைக்கும் நெஞ்சை அடைக்கும். 2007-இல் ப்ரோஸ்ட்ரீட் வந்தபோது தெருவும் போலீஸும் போய், அனுமதி வாங்கி மைதானத்தில் ஓட்டுகிற ரேஸ் ஆகிவிட்டது. 2008-இல் அண்டர்கவர் மறுபடி போலீஸைக் கொண்டுவந்தது, ஆனால் அவசரத்தில் செய்தது பளிச்சென்று தெரிந்தது. நல்ல கம்ப்யூட்டரிலும் திக்கித் திக்கி ஓடியது. 2009-இல் ஷிஃப்ட், நிஜமான ரேஸ் டிராக் கேம். 2011-இல் தி ரன், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க் வரை ஒரே ஓட்டமாக ஒரு கதை. நடுவில் காரை விட்டிறங்கிப் பொத்தான் அமுக்கி ஓடுகிற காட்சிகள் வேறு. கார் ஓட்டுகிற நேரத்தை மட்டும் கூட்டினால் சீக்கிரமே முடிந்துபோகும்.

இவற்றில் சில தனியாக எடுத்துப் பார்த்தால் நல்ல கேம்கள். ஷிஃப்ட்டை மதிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் வருஷா வருஷம் தொடரின் முகமே மாறியது. போன வருஷம் பிடித்தவனுக்கு இந்த வருஷம் வந்தது வேறு ஏதோ ஒன்று. 2006-க்கும் 2011-க்கும் இடையில் அந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்பதே கலைந்துபோனது. சரிவு தொடங்கியது அங்கேதான் என்பேன்.

நல்லா ஓடிட்டு இருந்தத எதுக்கு மாத்திட்டே இருந்தானுவ?

2002 தொடங்கி 2013 வரை ஒரு வருஷம்கூட விடாமல் கேம் வந்திருக்கிறது. 2009, 2010, 2011-இல் வருஷத்துக்கு ஒன்றுக்கு மேல். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் எடுத்த வயலைக்கூடக் கோடையில் கொஞ்சம் ஆறப் போடுவோம். இந்த வயலுக்கு அதுவும் கிடைக்கவில்லை. ஒரே ஆட்கள் ஒரே மாதிரி கேமை வருஷா வருஷம் செய்தால் வாங்குகிறவனுக்கும் சலிக்கும். ஆகவே ஒவ்வொரு வருஷமும் புதிதாக ஒரு கோணம் தேடினார்கள். அதைச் செதுக்க நேரம் இருக்காது. அடுத்த வருஷம் அதையும் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று.

ஸ்டூடியோக்களும் மாறின. 2000-களில் பெரும்பாலும் பிளாக் பாக்ஸ். ஷிஃப்ட்டை ஸ்லைட்லி மேட், 2010 ஹாட் பர்சூட்டையும் 2012 மோஸ்ட் வாண்டட்டையும் கிரைட்டீரியன், 2013 ரைவல்ஸிலிருந்து சுவீடனின் கோஸ்ட் கேம்ஸ். அந்த 2013-லேயே பிளாக் பாக்ஸ் மூடப்பட்டது. 2005 கேமில் போலீஸ் மூளையை எழுதியவர்கள், ஊரை வரைந்தவர்கள் சேர்ந்து வேலை பார்த்த இடமே அத்தோடு போயிற்று. 2020-இல் கோஸ்ட் கையிலிருந்தும் வாங்கி மறுபடி கிரைட்டீரியனிடம் கொடுத்தார்கள். கை மாறுகிற ஒவ்வொரு தடவையும், அதுவரை கற்றுக்கொண்டதில் ஒரு பங்கு விட்டுப்போனது.

2015ல வந்தது படம் மாதிரி இருக்குன்னு சொன்னாவ. பின்ன ஏன் யாரும் விளையாடல?

படம் மாதிரிதான் இருந்தது. மழை நனைந்த ராத்திரி ரோடு, நிஜ நடிகர்கள் பேசுகிற காட்சிகள், அண்டர்கிரவுண்டு நாட்களின் கார் அலங்காரம். பத்து வருஷம் கழித்தும் பார்க்க அழகு. ஆனால் இன்டர்நெட் இல்லாமல் தொடங்கவே தொடங்காது. தனியாளாக விளையாடினாலும் சர்வரோடு இணைந்திருக்க வேண்டும். அம்மா கூப்பிட்டால் நிறுத்தி வைத்துவிட்டுப் போக பாஸ் (pause) பொத்தான் கிடையாது.

பிராட்பேண்ட் விட்டு விட்டு வருகிற ஊர்க்காரனுக்கு இது என்ன பாடு என்று சொல்ல வேண்டியதில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து, சர்வரை மூடினால் கேமே போய்விடும். இதே தொடரில் 2010-இல் வந்த வேர்ல்டு என்ற ஆன்லைன் கேமை 2015 ஜூலை 14 அன்று மூடினார்கள். காசு கொடுத்து அதற்குள் கார் வாங்கியவர்களின் கார்கள் அன்றோடு போயின. ரசிகர்கள் தாங்களே சர்வர் எழுதி அதைத் திரும்ப ஓடவைத்தது தனி உழைப்பு.

பேபேக்ல ஏதோ சீட்டு விளையாட்டாமே, அது என்ன?

2017 நவம்பரில் வந்த பேபேக்கில் காரின் வேகத்தைக் கூட்ட உதிரிபாகம் வாங்க முடியாது. ஸ்பீடு கார்டு என்று சீட்டுதான். ஹெட், பிளாக், ஈசியூ, டர்போ, எக்ஸாஸ்ட், கியர்பாக்ஸ் என ஆறு இடம், ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. ரேஸ் ஜெயித்தால் ஒன்று கிடைக்கும், எது வரும் என்பது அதிர்ஷ்டம். வேண்டாததைக் கொடுத்து டோக்கனாக்கி, அந்த டோக்கனைப் போட்டுச் சக்கரம் சுற்றி இன்னொரு சீட்டு எடுக்கலாம். புதுக் கார் வாங்கினால் அதற்கு முதலிலிருந்து சீட்டு சேர்க்க வேண்டும். நிஜக் காசு கொடுத்து வாங்குகிற பெட்டிகளும் உள்ளே இருந்தன.

2005-இல் ரேஸ் ஜெயித்த காசைக் கையில் வைத்துக்கொண்டு எஞ்சினை மாற்றவா டயரை மாற்றவா என்று நாமே யோசித்து முடிவு செய்வோம். அந்த முடிவை நம்மிடமிருந்து பிடுங்கி அதிர்ஷ்டத்திடம் கொடுத்தது பேபேக். இந்தத் தொடரில் எனக்கு மன்னிக்க முடியாத ஒன்று இது. எதிர்ப்பு கிளம்பியதும் ரேஸில் கிடைக்கிறதைக் கூட்டிக் கொடுத்தார்கள். சீட்டு முறை மட்டும் அப்படியே இருந்தது.

ஹீட் நல்லாருக்குன்னு சொல்லுதாங்களே, உண்மையா?

உண்மை. 2019 நவம்பரில் வந்தது, அதில் இந்தச் சீட்டுப் பெட்டி ஒன்றும் கிடையாது. பகலில் ரேஸ் ஓட்டிக் காசு சேர்க்கலாம், ராத்திரியில் ஓட்டிப் பேர் சேர்க்கலாம். ராத்திரி சேர்த்ததைப் பத்திரமாக வீடு கொண்டுபோவதற்குள் போலீஸில் மாட்டினால் பெரும்பகுதி போய்விடும். மேலே சொன்ன அந்தப் பயம் கொஞ்சம் திரும்பி வந்தது இங்கேதான். சரியான வழியில் திரும்பியிருந்தார்கள். ஆனால் அது வந்த மூன்றே மாதத்தில் ஸ்டூடியோவை மாற்றிவிட்டார்கள்.

பிளஸ் டூல குடுத்த லேப்டாப்ல ஓடுன கேம். இப்ப ஐம்பதாயிரம் ரூவா லேப்டாப்ல புதுசு ஓட மாட்டேங்குது. லேப்டாப்ல கோளாறா?

லேப்டாப் நன்றாகவே இருக்கும். 2005 கேம் கேட்டது 256 எம்பி ராம், 3 ஜிபி இடம். அன்பவுண்டு கேட்பது குறைந்தபட்சம் 8 ஜிபி ராம், 50 ஜிபி இடம், கூடவே ஜிடிஎக்ஸ் 1050 டிஐ அளவுக்கு ஒரு தனி கிராபிக்ஸ் கார்டு. ஆபீஸ் வேலைக்கு என்று வாங்குகிற லேப்டாப்பில் தனி கார்டு இருக்காது. என்னிடம் கொண்டுவந்து எத்தனை தடவை ஃபார்மேட் செய்தாலும் அது மாறாது.

2005 கேம காசு குடுத்தே வாங்கிடலாம்னு பாக்கேன், எங்கயும் கிடைக்கலையே?

கிடைக்காது. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையிலோ இஏவின் கடையிலோ அதை இப்போது விற்பதில்லை. அங்கே மோஸ்ட் வாண்டட் என்று தெரிவது 2012-இல் வந்தது. கார்பன், அண்டர்கவர், இரண்டு ஷிஃப்ட், தி ரன் ஆகியவற்றையும் 2021 மே மாதக் கடைசியில் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இந்த மாதிரி கேமில் நிஜக் கார் நிறுவனங்களின் பெயரும் நிஜப் பாட்டுகளும் இருக்கின்றன. அந்த அனுமதிகளுக்குக் கெடு உண்டு, புதுப்பிக்கக் காசு வேண்டும். உலகம் முழுக்க 1.6 கோடி பிரதி விற்றதாகச் சொல்லப்படும் 2005 மோஸ்ட் வாண்டட்டுக்கு அந்தக் காசைச் செலவழிக்காமல் விட்டது எனக்கு ஆறவே இல்லை.

பழைய ஒரிஜினல் டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கும் சிக்கல் உண்டு. அந்தக் காலத்து டிஸ்க் பாதுகாப்பு முறைகள் சிலவற்றை விண்டோஸ் 10 முதல் ஏற்பதில்லை. ஓடினாலும் அகலத் திரைக்கு அதில் அமைப்பு இல்லை, படம் இழுபட்டு கார் சப்பையாகத் தெரியும். வைட்ஸ்கிரீன் ஃபிக்ஸ் என்று ரசிகர்கள் செய்துவைத்த சின்ன ஃபைலைக் கேம் ஃபோல்டரில் போட்டால் இது சரியாகும்.

அப்ப எல்லாரும் காப்பி சிடிலதான விளையாண்டோம். அதனாலதான் கம்பெனி நொடிச்சுப்போச்சோ?

நம்மூரில் ஒரிஜினல் பெட்டியைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறவரே நாலைந்து கேம் போட்டுத்தான் கொடுப்பார். காப்பி அடித்தது தப்பு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கம்பெனி நொடிக்கவும் இல்லை, தொடர் சரிந்தது அதனாலும் இல்லை. வருஷா வருஷம் வெளியிட்டதும், ஸ்டூடியோவை மாற்றியதும், சீட்டு முறையைப் புகுத்தியதும் ஒழுங்காகக் காசு கொடுத்து வாங்கிய நாட்டுக்காரர்களை மனதில் வைத்து எடுத்த முடிவுகள். அவர்களும் நம்மைப் போலவேதான் விலகிப்போனார்கள்.

நமக்கு வயசாயிட்டுல்லா, அதான் புதுசு எதுவும் பிடிக்கல. சரிதானே அண்ணாச்சி?

பாதி சரி. பள்ளிக்கூடம் விட்டு, யூனிஃபார்மோடு, நாலு பேர் காசு போட்டு ஒரு மணி நேரம் விளையாடிய சுகம் எந்த கேமாலும் திரும்பக் கிடைக்காது.

மீதிப் பாதியை வயது மேல் போட முடியாது. 2010 ஹாட் பர்சூட் வந்தபோதும் நமக்கு வயது கூடித்தான் இருந்தது, ஆனாலும் அதைக் குறை சொன்னவர்கள் அபூர்வம். போலீஸும் ரேஸரும் என்ற ஒன்றை மட்டும் எடுத்து ஒழுங்காகச் செய்திருந்தார்கள். இன்னொன்று, இப்போது கடைக்கு வருகிற காலேஜ் பையன்கள். 2005-இல் அவர்கள் கைக்குழந்தைகள், சிலர் பிறக்கவே இல்லை. எந்த நினைவும் இல்லாத அவர்களே "அந்தப் பழைய மோஸ்ட் வாண்டட் ஓடுமாண்ணே" என்று கேட்கிறார்கள். கிராபிக்ஸ் பழசு என்று ஒருத்தனும் சொல்லிக் கேட்டதில்லை.

போர்சா ஹரைசன்தான் இத அழிச்சிருச்சுன்னு தம்பி சொல்லுதான்.

போர்சா ஹரைசன் என்பது இன்னொரு கார் கேம் தொடர். அது 2012-இல் தொடங்கியது, 2016-இல் வந்த மூன்றாவது கேமிலிருந்து கம்ப்யூட்டரிலும் கிடைக்கிறது. ஒரே ஸ்டூடியோ, பிளேகிரவுண்டு கேம்ஸ், ஒவ்வொரு கேமுக்கும் இரண்டு வருஷமாவது எடுத்துக்கொண்டு செய்தது. நீட் ஃபார் ஸ்பீடுக்குக் கிடைக்காத இரண்டும் அதற்குக் கிடைத்தன. ஆனால் அதில் போலீஸ் துரத்தல் கிடையாது, பகை கிடையாது, எல்லாரும் திருவிழாவுக்கு வந்தவர்கள். மோஸ்ட் வாண்டட்டின் இடம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. ஹரைசன் பிடித்தது வேறு இடம்.

அடுத்து ஒண்ணு வருமா? காத்திருக்கவா, இப்பவே ஏதாவது வாங்கவா?

அன்பவுண்டுக்குப் பிறகு புதிதாகப் பெரிய கேம் எதுவும் வரவில்லை. 2023-இல் கிரைட்டீரியன் ஆட்களில் பெரும்பாலானவர்களை பேட்டில்ஃபீல்டு என்ற போர் கேம் வேலைக்கு மாற்றினார்கள். காத்திருக்கச் சொல்ல மாட்டேன்.

கதையும் அலங்காரமும் வேண்டுமானால் ஹீட். துரத்தல் மட்டும் போதும், நேரம் குறைவு என்றால் 2020-இல் மெருகேற்றி வெளியிட்ட ஹாட் பர்சூட் ரீமாஸ்டர்டு. சின்னப் பிள்ளைகளுக்கும் நான் சொல்வது இதைத்தான். இரண்டையும் முழு விலைக்கு வாங்காதீர்கள். ஸ்டீமில் தள்ளுபடி நாட்களில் விலை வெகுவாக இறங்கும். காசு கட்டுவதற்கு முன்னால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் ஜிபியு என்ற இடத்தில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். தனி கார்டு பெயர் எதுவும் இல்லாவிட்டால் வாங்குவதற்கு முன் லேப்டாப்போடு கடைக்கு ஒரு நடை வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன்.